மணிக்கு 30 காசு சம்பளத்தில் வானத்தை அளந்தவர்



பரிசளிப்பு விழா முடிந்து வீட்டுக்குப் போனதும் பல வீடுகளில் ஒரு பேச்சு வரும். அடுத்து என்ன படிக்கப் போறே? பிள்ளை ஏதோ ஒரு பாடத்தின் பெயரைச் சொல்லும். உடனே தகப்பனார் கேட்பார், அதைப் படிச்சா சோறு போடுமா என்று. இப்படிக் கேட்பது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். பனியிலும் கொசுக்கடியிலும் பால்மரம் வெட்டிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. பெண் பிள்ளையாக இருந்தால் பேச்சு இன்னும் கொஞ்சம் நீளும். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா இதெல்லாம் என்று பாட்டியும் சேர்ந்துகொள்வார்.

ஆகவே, சோறு போடாத பாடம் ஒன்றைக் கல்லூரியின் கடைசி ஆண்டில் எடுத்துப் படித்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இந்த மலரில் உங்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணினேன். பாடம் வானநூல். பெண்மணியின் பெயர் ஹென்றியேட்டா சுவான் லெவிட்.

அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லங்காஸ்டர் என்னும் ஊரில் 1868-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் பிறந்தவர் இவர். தந்தையார் கிறிஸ்துவ சபையில் போதகர். ஏழு பிள்ளைகளில் மூத்தவர் ஹென்றியேட்டா. மூத்த பெண் என்றால் வீட்டில் என்ன பொறுப்பு என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் குடும்பத்தார் மகளைப் படிக்க வைத்தார்கள். ஒஹாயோ மாநிலத்தில் ஓபர்லின் கல்லூரியில் சில ஆண்டுகள் படித்தார். பிறகு கேம்பிரிட்ஜ் நகருக்கு வந்து சேர்ந்தார். இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ் அல்ல, அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இருக்கிறதே, அந்த ஊர்.

ஹார்வர்டில் அன்றைக்குப் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். அதற்காகச் சிலர் கூடிப் பெண்களுக்கென்று தனியாக ஒரு கல்விச் சங்கம் நடத்தினார்கள். ஹார்வர்டு ஆசிரியர்களே அங்கே வந்து, அதே பாடங்களை நடத்திவிட்டுப் போவார்கள். பின்னாளில் அதுதான் ராட்கிளிப் கல்லூரி ஆயிற்று. பாடம் ஒன்று, ஆசிரியர் ஒன்று, பரீட்சையும் ஒன்று. பட்டம் மட்டும் கிடையாது. 1892-இல் படிப்பை முடித்தபோது ஹென்றியேட்டாவுக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழ். இவர் ஆணாக இருந்திருந்தால் பி.ஏ. பட்டம் பெறும் அளவுக்குப் படித்திருக்கிறார் என்பதுதான் அந்தத் தாளின் சாரம். கொடுக்க மனமில்லாதவர் சொல்லும் சாக்கு மாதிரி இருக்கிறதல்லவா?

அவர் படித்தவை பலதரப்பட்ட பாடங்கள். மொழிகள், ஓவியக்கலை, தத்துவம், கணக்கு. நாலாம் ஆண்டில்தான், கரை வந்து சேரப்போகும் நேரத்தில், வானநூல் பாடம் எடுத்தார். கிடைத்த மதிப்பெண் ஏ மைனஸ். முதல் பரிசுக்கு மேடை ஏறும் மதிப்பெண்ணல்ல. ஆனால் அந்த ஒரு பாடம்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது.

வானநூல் முதல் வகுப்பில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்று கேட்கிறீர்களா? பூமி எப்படிச் சுற்றுகிறது, கிரகணம் ஏன் பிடிக்கிறது என்பது போன்றவை எல்லாம் உண்டு. அவற்றோடு, நட்சத்திரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வியும் வரும். இதை வீட்டிலேயே செய்து பாருங்கள். கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்திப் பிடியுங்கள். வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தெரியும். விரலைக் கிட்டே கொண்டுவந்தால் அதிகமாகத் துள்ளும், தள்ளிப் பிடித்தால் குறையும். வானநூலார் செய்வதும் இதேதான். ஜனவரியில் ஒரு தரம், ஜூலையில் ஒரு தரம் பார்க்கிறார்கள். அதற்குள் பூமி சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. இரண்டு கண்களுக்கும் இடையே சுமார் 30 கோடி கிலோமீட்டர்! இந்த முறையில் 1838-இல் பெஸ்ஸல் என்ற ஜெர்மானியர் ஒரு விண்மீனின் தூரத்தை அளந்து காட்டினார்.

ஆனால் இதில் ஒரு சங்கடம். பக்கத்திலுள்ள விண்மீன்களுக்குத்தான் இது சரிப்படும். கொஞ்சம் தூரம் போனால், 30 கோடி கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தாலும் விண்மீன் அசையாது. அதற்கப்பால் அளக்கக் கோல் இல்லை. வானம் எவ்வளவு பெரியது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஹென்றியேட்டா படித்து முடித்த காலத்தில் நிலைமை அதுதான்.

படிப்பு முடிந்ததும் ஹார்வர்டு வான ஆய்வுக்கூடத்தில் சம்பளம் இல்லாமல் வேலைக்குச் சேர்ந்தார். சும்மா போய் வேலை பழகினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் எட்வர்ட் பிக்கரிங். அவரிடம் பல பெண்கள் வேலை செய்தார்கள். தொலைநோக்கியைத் தொடும் வேலையல்ல, அது ஆண்களுக்கு. பகல் நேரத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து, இரவில் எடுத்த போட்டோக்களைப் பார்த்துக் கணக்குப் போடும் வேலை. அவர்களைக் கம்ப்யூட்டர்கள் என்றே அழைத்தார்கள். இயந்திரம் வருவதற்கு முன்னால் அந்தப் பெயர் மனிதர்களுக்கு இருந்தது.

அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. வில்லியமினா பிளெமிங் என்பவர் ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்த பெண். கர்ப்பமாக இருக்கும்போதே கணவன் கைவிட்டுப் போய்விட்டான். பிக்கரிங் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்தார். அவருடைய புத்தியைக் கண்ட பிக்கரிங் 1881-இல் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டார். பாத்திரம் கழுவிய அந்தப் பெண்தான் 1899-இல் ஹார்வர்டின் வானப் படங்கள் அத்தனைக்கும் பொறுப்பாளர் ஆனார். இவர் கதையைத் தனியாகவே எழுதலாம்.

சரி, நம் கதைக்கு வருவோம். 1896-இல் ஹென்றியேட்டா அந்த வேலையை விட்டுவிட்டார். ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து, குடும்பம் இருந்த விஸ்கான்சின் மாநிலத்தில் பெலாய்ட் கல்லூரியில் ஓவியத் துறையில் உதவியாளராக இருந்தார். அத்தோடு வானநூல் முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். இதற்கிடையே காது கேட்பது குறைந்துகொண்டே வந்தது. ஆனாலும் பாதியில் விட்ட வேலை மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது போலும். 1902-இல் பிக்கரிங்குக்குக் கடிதம் எழுதினார். வேலையை விட்டுப் போனதற்கு வருத்தம் தெரிவித்தார். குளிர் தம் காதுக்கு ஆகவில்லை, சூடான ஊர் எதிலாவது இப்படி வேலை உண்டா என்றும் கேட்டிருந்தார்.

பிக்கரிங் உடனே பதில் போட்டார். இங்கேயே வா, மணிக்கு 30 காசு தருகிறேன் என்றார். மற்றப் பெண்களுக்கு மணிக்கு 25 காசுதான். இந்த 5 காசு வித்தியாசத்தை வேறு எந்தப் பத்திரிகை வாசகராவது அலட்சியமாகத் தாண்டிப் போகலாம். செக்ரோலில் தம் பெயருக்கு நேரே என்ன விழுந்திருக்கிறது என்று பார்த்துப் பழகிய நீங்கள் தாண்டிப் போக மாட்டீர்கள். வேலை தெரிந்த ஆள் என்று முதலாளி ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் அது. ஆனால் வானநூல் படித்த ஒருவருக்கு மணிக்கணக்கில் கூலி என்பதும் அதிலேயே இருக்கிறது.

அவருக்குக் கொடுத்த வேலை என்ன? ஒளி மாறும் விண்மீன்களைத் தேடுவது. சில விண்மீன்கள் ஒரே மாதிரி ஒளிர்வதில்லை. பிரகாசமாகும், மங்கும், மறுபடியும் பிரகாசமாகும். தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் அரெகிப்பா என்னும் ஊரில் ஹார்வர்டுக்கு ஒரு தொலைநோக்கி நிலையம் இருந்தது. அங்கே கண்ணாடித் தட்டுகளில் வானத்தைப் படம் எடுத்துக் கப்பலில் அனுப்புவார்கள். தட்டில் வானம் வெள்ளையாகவும் விண்மீன்கள் கறுப்புப் புள்ளிகளாகவும் இருக்கும். பிரகாசமான விண்மீன் பெரிய புள்ளி, மங்கலானது சின்னப் புள்ளி. ஒரு தேதியில் எடுத்த தட்டிலிருந்து கறுப்பை வெள்ளையாக்கி ஒரு நகல் எடுப்பார்கள். அதன் மேல் இன்னொரு தேதியில் எடுத்த தட்டை வைத்துப் பார்ப்பார்கள். மாறாத விண்மீன்கள் ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்ளும். மாறியது மட்டும் காட்டிக் கொடுத்துவிடும். கேட்பதற்குச் சுலபம். ஒரு தட்டில் ஆயிரக்கணக்கான புள்ளிகள். அரிசியில் கல் பொறுக்கும் தாய்மார்களுக்கு அந்த வேலையின் அலுப்பு புரியும்.

லெவிட் அம்மையார் பெரும்பாலும் பார்த்தது தென் வானத்தில் உள்ள இரண்டு மேகங்களை. மழை மேகமல்ல. புகை படிந்தது போலத் தெரியும் விண்மீன் கூட்டங்கள். மகெல்லன் மேகங்கள் என்று பெயர். 1511-இல் போர்த்துகீசியர் நம் மலாக்காவைப் பிடித்த படையில் இருந்தாரே, பிறகு உலகத்தைச் சுற்றக் கப்பலில் கிளம்பினாரே, அந்த மகெல்லன் பெயர்தான். ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். மாசசூசெட்ஸில் நின்று பார்த்தால் இந்த மேகங்கள் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. அம்மையார் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து அவற்றைப் பார்க்க வழியில்லை, கண்ணாடித் தட்டுதான் அவருக்கு வானம். நம் நாட்டில் அப்படியல்ல. டிசம்பர் மாதம் இரவு பத்து மணி வாக்கில், மழை மேகம் விலகினால், விளக்கு வெளிச்சம் இல்லாத இடத்தில் நின்று தெற்கே தாழ்வாகப் பாருங்கள். பழகிய கண்ணுக்கு இரண்டு மங்கல் திட்டுகளும் தெரியும். பட்டணத்தில் தெரியாது. இருட்டு உள்ள இடத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஒன்றிலாவது லாபம்.

1908-இல் அம்மையாரின் கணக்கு அச்சாகி வெளிவந்தது. சிறிய மேகத்தில் 969, பெரிய மேகத்தில் 808, ஆக மொத்தம் 1777 ஒளி மாறும் விண்மீன்கள். இத்தனையும் ஒருவர் கண்டுபிடித்தவை. அவற்றில் 16 விண்மீன்களுக்கு மட்டும், ஒரு முறை பிரகாசமாகி மங்கி மறுபடி பிரகாசமாக எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கிட்டிருந்தார். அந்தப் பட்டியலைப் பார்த்தபோது அவர் கண்ணில் ஒன்று பட்டது. பிரகாசம் கூடக் கூட, நாள் கணக்கும் கூடுகிறது. அதைச் சுருக்கமாக எழுதி வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். அவசரப்பட்டு முரசு கொட்டும் ஆளல்ல.

அந்த ஆண்டு இறுதியில் நோய் வந்து படுத்தார். விஸ்கான்சினில் பெற்றோர் வீட்டில் நெடுநாள் இருக்க வேண்டியதாயிற்று. பிக்கரிங் வேலையைத் தபாலில் அனுப்பிவைக்க, உடம்பு தேறத் தேற வீட்டிலிருந்தே பார்த்தார். 1911-இல் தந்தையார் காலமானார். 1912-இல் மறுபடி ஒரு சிறிய அறிக்கை வந்தது. இந்த முறை 25 விண்மீன்கள், எல்லாம் சிறிய மேகத்தில் உள்ளவை. வேகமானது 1.25 நாளில் ஒரு சுற்று முடிக்கும், மெதுவானது 127 நாள் எடுத்துக்கொள்ளும். காகிதத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் வரிசையாக ஒரே கோட்டில் விழுந்தன.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

இருட்டில் தோட்டத்துச் சாலையில் நடந்து வருகிறீர்கள். எதிரே ஒரு வெளிச்சம். அது பக்கத்தில் ஒருவர் கையிலுள்ள டார்ச் லைட்டா, தூரத்தில் வரும் லாரியின் விளக்கா? பார்த்தவுடன் சொல்ல முடியாது. விளக்கின் சக்தி தெரிந்தால் மட்டுமே தூரம் தெரியும். ஒரே விளக்கை இரண்டு மடங்கு தூரத்தில் வைத்தால் நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான் வரும், மூன்று மடங்கு தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. சக்தி தெரிந்தால் மற்றது வெறும் கணக்கு. வானத்திலும் இதே கதைதான். இந்த விண்மீன் உண்மையிலேயே மங்கலானதா, தூரத்தில் இருப்பதால் மங்கலாகத் தெரிகிறதா என்று எவருக்கும் தெரியாமல் இருந்தது.

அம்மையார் பார்த்த 25 விண்மீன்களும் ஒரே மேகத்துக்குள் இருப்பவை. ஈப்போவிலிருந்து பார்த்தால் சிங்கப்பூரிலுள்ள எல்லா வீடுகளும் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம்தானே? முன் வீடு, பின் வீடு வித்தியாசம் ஒரு பொருட்டா? அதேபோல இந்த விண்மீன்கள் எல்லாம் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம். ஆகவே ஒன்று மற்றதைவிடப் பிரகாசமாகத் தெரிந்தால், அது உண்மையிலேயே பிரகாசமானது. மெதுவாக மின்னுவது சக்தி மிகுந்த விளக்கு, வேகமாக மின்னுவது சக்தி குறைந்த விளக்கு! இனி வானத்தில் எங்கே இந்த வகை விண்மீனைக் கண்டாலும், எத்தனை நாளுக்கு ஒரு முறை மின்னுகிறது என்று எண்ணினால் போதும். அதன் சக்தி தெரியும். சக்தி தெரிந்தால் தூரம் தெரியும். கல்லூரி வகுப்பில் கட்டை விரல் கணக்கு எங்கே வந்து நின்றுபோனதோ, அங்கிருந்து அப்பால் அளக்க ஒரு கோல் கிடைத்துவிட்டது.

அந்த 1912 அறிக்கையின் அடியில் கையெழுத்து யாருடையது தெரியுமா? பிக்கரிங்குடையது. லெவிட் தயாரித்தது என்று முதல் வரியில் குறிப்பிட்டிருந்தார், அந்த மட்டில் நாணயமானவர்தான். பெண்களுக்கு வேலை கொடுத்தவர், வீட்டு வேலைக்காரியை மேலே ஏற்றியவர், அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. ஆனாலும் ஒரு குறை உண்டு. இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தவரை அதன் பின்னாலேயே போக விடவில்லை. வட துருவத்தின் அருகே உள்ள 96 விண்மீன்களின் பிரகாசத்தைத் துல்லியமாக அளந்து, உலகத்தாருக்கெல்லாம் அளவுகோலாகக் கொடுக்கும் வேலையை அவர் தலையில் வைத்தார். ஆண்டுக்கணக்கில் இழுத்த வேலை அது, 1917-இல்தான் வெளியாயிற்று. பயனுள்ள வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் தான் வெட்டிய கிணற்றில் தண்ணீர் இறைக்க அவருக்கு விடப்படவில்லை. மற்றவர்கள் இறைத்தார்கள். 1913-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹெர்ட்ஸ்ஸ்பிரங் அந்தக் கோலை வைத்துச் சிறிய மேகத்தின் தூரத்தைக் கணக்கிட முனைந்தார். பிறகு ஹார்லோ ஷாப்லி என்ற அமெரிக்கர் அதே கோலைக் கொண்டு, நம் சூரியன் பால்வீதியின் நடுவில் இல்லை, ஓரமாக ஒரு பக்கத்தில் இருக்கிறது என்று காட்டினார்.

1921-இல் அந்த ஷாப்லியே ஹார்வர்டு ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக வந்தார். அம்மையாரை ஒரு பிரிவின் தலைவியாக்கினார். ஆனால் அதற்குள் புற்றுநோய் பற்றிக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பர் 12-ஆம் நாள், 53 வயதில், லெவிட் அம்மையார் மறைந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் தாயாரோடு வசித்தார். அவர் விட்டுப்போன சொத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். சில தட்டுமுட்டுச் சாமான்களும் கடன் பத்திரங்களும் சேர்த்து 314 டாலர் 91 காசு. அவர் கண்டுபிடித்த ஒளி மாறும் விண்மீன்கள் சுமார் 2400. அன்றைக்கு உலகம் அறிந்திருந்தவற்றில் ஏறக்குறைய பாதி.

அவர் இறந்து இரண்டு ஆண்டு கழிவதற்குள், 1923 அக்டோபரில், கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலைமேல் எட்வின் ஹப்பிள் என்பவர் ஆந்திரமேடா என்னும் மங்கலான சுழலைப் படம் எடுத்தார். அதில் அம்மையார் சொன்ன வகை விண்மீன் ஒன்று அகப்பட்டது. மின்னும் நாளை எண்ணினார், சக்தியைக் கணக்கிட்டார், தூரத்தைப் பார்த்தார். திகைத்துப் போனார். ஆந்திரமேடா நம் பால்வீதிக்குள் இல்லவே இல்லை. அது வேறொரு பால்வீதி! அதுவரை நம் பால்வீதியே முழு உலகம் என்று பல அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஹப்பிள் கண்ட தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. அந்த வகை விண்மீன்களிலேயே இரண்டு சாதி உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. திருத்திய கணக்கில் இப்போது சுமார் 25 லட்சம் ஒளியாண்டு என்கிறார்கள். அளவு மாறியதே தவிர, அளக்கும் கோல் மாறவில்லை.

1925-இன் தொடக்கத்தில் சுவீடன் நாட்டிலிருந்து ஹார்வர்டுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் மிட்டாக்-லெப்ளர் என்ற கணித மேதை. பெயர் போட்டிருந்தது லெவிட் அம்மையாருக்கு. அவருடைய கண்டுபிடிப்புக்காக அவரை நோபல் பரிசுக்கு முன்மொழிய விரும்புவதாகவும், அதற்கு விவரங்கள் வேண்டுமென்றும் எழுதியிருந்தார். இறந்தவர்களை அந்தப் பரிசுக்கு முன்மொழிய முடியாது. கடிதத்துக்குப் பதில் எழுதியவர் ஷாப்லி. அம்மையார் மறைந்து அப்போது மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.